கன்ட்ரோல் போன மாதம், ட்ரீட்டட் இந்த மாதம்: மைக்ரோஅரே எதைத்தான் அளக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு செல் லைனுக்கு (லேபில் தொடர்ந்து வளர்க்கும் ஒரே வகைச் செல்கள்) மருந்து கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எந்தெந்த மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது, குறைகிறது என்று மைக்ரோஅரேயில் பார்க்கப் போகிறேன். மருந்து கொடுக்காத கன்ட்ரோல் சாம்பிள் மூன்றையும் சீனியர் ஒருவர் போன மாதமே ஓட்டி வைத்திருக்கிறார். ஸ்லைடு விலையோ அதிகம். மருந்து கொடுத்த மூன்றை மட்டும் இப்போது ஓட்டி, அவற்றோடு ஒப்பிட்டால் போதாதா? அதோடு, ஆர்.என்.ஏ. நகல்களை நேரடியாகப் படித்து எண்ணும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் இருக்கும்போது கைடு ஏன் இதைச் செய்யச் சொல்கிறார்?"

போதாது. சிக்கனம் பார்த்ததில் தப்பில்லை. மைக்ரோஅரே ஓட்டிக் கொடுக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். இதே கேள்வியோடு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். அந்தக் கண்ணாடித் துண்டு எதை அளக்கிறது என்று தெரிந்தால் பதில் உங்களுக்கே வந்துவிடும்.

உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். கல்லீரல் செல்லும் மூளைச் செல்லும் வேறுபடுவது, எந்த மரபணுவிலிருந்து எத்தனை எம்.ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது என்பதில். அந்த நகல்களின் அளவைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். மைக்ரோஅரேக்கு முன்னால் இதைப் பார்க்க நார்தர்ன் பிளாட் இருந்தது. ஒரு ஜெல், ஒரு சவ்வு, ஒரு மரபணு, கூடவே இரண்டு மூன்று நாள். இருபதாயிரம் மரபணுவை அப்படிப் பார்க்க ஒரு ஆயுள் போதாது.

மைக்ரோஅரே அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பியது. நார்தர்னில் சாம்பிள் சவ்வில் ஒட்டியிருக்கும், புரோப், அதாவது தேடும் மரபணுவோடு ஜோடி சேரும் துண்டு, கரைசலில் மிதக்கும். இங்கே புரோப் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சாம்பிள் மிதக்கும். கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறிப்பிட்ட மரபணுவோடு மட்டும் ஜோடி சேரும் ஒற்றையிழை டி.என்.ஏ. லட்சக்கணக்கில் நட்டு வைக்கப்பட்டிருக்கும். உங்கள் சாம்பிளின் ஆர்.என்.ஏ.விலிருந்து ஒளிரும் சாயம் பூசிய நகல்களை எடுத்து மேலே ஊற்றினால், ஒவ்வொன்றும் தன் ஜோடி இருக்கும் புள்ளியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிறகு லேசரில் பார்த்தால் எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரியும்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். ஸ்கேனர் கொடுப்பது எம்.ஆர்.என்.ஏ. எண்ணிக்கை அல்ல, வெளிச்சம். ஒரு புள்ளியில் 4,000, இன்னொன்றில் 1,000 என்று வந்தால், முதல் மரபணு நான்கு மடங்கு அதிகம் என்று அர்த்தம் ஆகாது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஜி, சி அதிகமுள்ள புரோப் இறுக்கமாகப் பிடிக்கும். சில புரோப் தன்மேலேயே மடிந்து சுருண்டு கிடக்கும். சில, உறவுக்கார மரபணுவின் நகலையும் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே ஒரே ஸ்லைடில் இரண்டு வெவ்வேறு மரபணுவை ஒப்பிடவே கூடாது. அதே புரோப், இரண்டு சாம்பிள் என்று வைத்தால் மட்டும் புரோப்பின் குணம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது சாம்பிள்களின் வித்தியாசம். மைக்ரோஅரே முழுக்க முழுக்க ஒப்பீட்டுக் கருவி. தராசு மாதிரி; ஆனால் எடைக்கற்களையும் நீங்களே கொண்டுவர வேண்டிய தராசு. கன்ட்ரோல்தான் அந்த எடைக்கல்.

இதை முதலில் உணர்ந்து செய்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் பிரவுன், ரொனால்ட் டேவிஸ் குழுவினர். 1995-இல் சயன்ஸ் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையில் இருந்தவை வெறும் 45 மரபணுக்கள், அதுவும் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியின் மரபணுக்கள். மைக்கூட்டில் தொட்டு எழுதும் நிப் மாதிரி நுனி பிளந்த உலோக ஊசிகளை ஒரு ரோபோ பிடித்து, டி.என்.ஏ. கரைசலில் தொட்டுக் கண்ணாடியில் புள்ளி வைக்கும். அந்த ரோபோவை நாமே கட்டிக்கொள்ளும் வழிமுறையைப் பிரவுன் லேப் இணையத்தில் போட்டது, பல நாட்டு லேப்களில் இந்த வேலை பரவியதில் அந்தப் பெருந்தன்மைக்குப் பங்கு உண்டு.

இரண்டே வருடத்தில் 45 என்பது சுமார் 6,400 ஆகிவிட்டது. ஜோசப் டெரிசி, விஷ்வநாத் ஐயர், பிரவுன் மூவரும் 1997-இல் பேக்கரி ஈஸ்ட்டின் ஏறக்குறைய எல்லா மரபணுவையும் ஒரே கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். நீங்கள் படித்தே ஆகவேண்டிய கட்டுரை இது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கிடைக்கும்வரை அதை நொதிக்கவைத்து ஆல்கஹாலாக்கும். சர்க்கரை தீர்ந்ததும் தான் செய்த ஆல்கஹாலையே ஆக்சிஜன் கொண்டு எரித்துப் பிழைக்கும். அந்த மாற்றத்தின்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏழு தடவை சாம்பிள் எடுத்தார்கள். முதல் சாம்பிளுக்குப் பச்சையில் ஒளிரும் சை3, அடுத்தடுத்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் சிவப்பில் ஒளிரும் சை5. இரண்டையும் கலந்து ஒரே ஸ்லைடில். சர்க்கரை தீரும்போது சுமார் 710 மரபணுக்கள் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கூடின, சுமார் 1,030 மரபணுக்கள் அதே அளவில் குறைந்தன.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டு எண்களை. எனக்குப் பிடித்தது வேறொன்று. சர்க்கரை இன்னும் நிறைய இருந்த நேரத்தில் எடுத்த முதல் இரண்டு சாம்பிள்களை ஒப்பிட்டபோது, இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டவை 19 மரபணுக்கள்தான். பெரிய மாற்றம் எதுவும் நடக்காத நேரத்தில் தராசு எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் பின்னால் வந்த 710-ஐ நம்ப முடிகிறது. நீங்கள் சொல்லும் திட்டத்தில் இந்தச் சோதனைக்கே வழியில்லை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவே தராசு எவ்வளவு ஆடியது என்று யாருக்கும் தெரியாது.

சாயம் இரண்டா ஒன்றா என்பதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். இரண்டு சாய முறையில் கன்ட்ரோலும் ட்ரீட்டட்டும் ஒரே கண்ணாடியில் போட்டியிடுவதால், புள்ளி சரியாக விழாதது, ஓரம் காய்ந்தது போன்ற குறைகள் இருவரையும் ஒன்றாகவே பாதிக்கும். ஆனால் சில மரபணுக்கள் மருந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு சாயத்தில் கூடுதலாக ஒளிரும். அதனால் பாதி ஸ்லைடுகளில் சாயத்தை மாற்றிப் போட வேண்டும். இப்போது பெரும்பாலும் ஒற்றைச் சாய முறைதான். சில்லுகள் ஒரே சீராக வருவதால் ஒரு சாம்பிளுக்கு ஓர் அரே என்று ஓட்டிவிட்டு, கணினியில் ஒப்பிடுகிறோம். அஃபிமெட்ரிக்ஸ் சில்லில் 25 எழுத்து புரோப்கள், கணினிச் சில்லுகளுக்குப் போலவே ஒளியால் ஒவ்வொரு எழுத்தாகக் கட்டப்பட்டவை. ஸ்டீஃபன் ஃபோடர் குழு 1991-இல் காட்டிய வழி. அஜிலன்ட் ஸ்லைடில் 60 எழுத்து, இங்க்ஜெட் பிரிண்டர் மாதிரி எழுத்தைத் தெளித்துக் கட்டுவது. உங்கள் சீனியர் பயன்படுத்தியது ஒரு கண்ணாடியில் நான்கு அரே உள்ள வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

ஒற்றைச் சாய முறையில்தான் "கன்ட்ரோலை எப்போது ஓட்டினால் என்ன" என்ற ஆசை வருகிறது. இரண்டு சாயக் காலத்தில் அந்த ஆசைக்கே இடமில்லை, இருவரும் ஒரே கண்ணாடியில் இருந்தாக வேண்டும்.

சரி, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவே என்னதான் மாறிவிடும்? பெஞ்சுக்கு வாருங்கள்.

செல்லை எடுக்கும் நிமிடத்திலிருந்தே தொடங்குகிறது. தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, ட்ரிப்சின் போட்டுப் பிரித்து, சென்ட்ரிஃபியூஜ் காலியாகும்வரை வரிசையில் நின்றால், அந்த இருபது நிமிடத்தில் செல் சும்மா இருக்காது. ஃபாஸ், ஜுன் போன்ற அவசர மரபணுக்கள் நிமிடக் கணக்கில் எகிறும். சீனியர் தட்டிலேயே டிரைசால் (செல்லை அப்போதே கரைத்து ஆர்.என்.ஏ.வைக் காக்கும் திரவம்) ஊற்றிச் சுரண்டி எடுத்திருப்பார், நீங்கள் ட்ரிப்சின் போட்டிருப்பீர்கள். வருகிற பட்டியலில் பாதி மருந்தின் வேலையாக இருக்காது, ட்ரிப்சினின் வேலையாக இருக்கும். செல்லின் பாசேஜ் எண் (எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாற்றப்பட்டது), தட்டில் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருந்தது, சீரம் எந்த லாட், கன்ட்ரோலுக்கு மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. அதே அளவு கொடுத்தார்களா இல்லை ஒன்றுமே கொடுக்கவில்லையா. இந்தக் கடைசிக் கேள்வியை இன்றே சீனியரிடம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அது உங்கள் சோதனைக்குக் கன்ட்ரோலே அல்ல, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது ஆர்.என்.ஏ. டி.என்.ஏ. முரட்டுப் பிள்ளை, எப்படி வைத்தாலும் இருக்கும். ஆர்.என்.ஏ. அப்படியில்லை. அதைத் தின்னும் ஆர்.என்.ஏஸ் நொதி நம் விரல், வியர்வை, எச்சில் எல்லாவற்றிலும் உண்டு, கொதிக்க வைத்தாலும் சாகாது. க்ளவுஸ் போட்ட கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு அதே கையால் டியூபைத் திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்த ஆர்.என்.ஏ.வில் எம்.ஆர்.என்.ஏ. நூற்றுக்கு ஐந்துக்குள்தான், மற்றதில் பெரும்பகுதி ரைபோசோம் ஆர்.என்.ஏ. அதனால் தரம் பார்ப்பதும் ரைபோசோமை வைத்துத்தான். ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் பயோஅனலைசரில் ஓட்டினால் 18எஸ், 28எஸ் என்ற இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் இரண்டு கோபுரமாகத் தெரியும். 28எஸ் கோபுரம் இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால் நல்ல ஆர்.என்.ஏ. சிதையச் சிதையக் கோபுரங்கள் கரைந்து இடப்பக்கம் ஒரு மேடு எழும். இதை 1-லிருந்து 10 வரை ரின் என்ற மதிப்பெண்ணாகக் கொடுக்கும் கருவி. 7-க்குக் கீழே இருந்தால் நான் வாங்கமாட்டேன். கன்ட்ரோல் 9.5, ட்ரீட்டட் 7.2 என்றால் அதையும் வாங்கமாட்டேன், இரண்டுமே "பாஸ்" என்று சண்டை போட்டாலும் சரி. லேபிளிங் எம்.ஆர்.என்.ஏ.வின் வால் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. சிதைந்த சாம்பிளில் வாலுக்குத் தூரமாக இருக்கும் புரோப்கள் எல்லாம் மங்கும். அதைப் பார்த்து "இந்த மரபணுக்கள் குறைந்துவிட்டன" என்று எழுதிவிடுவீர்கள்.

பிறகு வாலில் ஒட்டும் பிரைமரை வைத்து சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) செய்து, டி7 பாலிமரேஸ் என்ற நொதி கொண்டு பெருக்கி, சாயத்தை உள்ளே சேர்த்து, சுத்தம் செய்து, சம அளவு எடுத்துத் துண்டாக்குகிறோம். இந்த வேலை கிட் பார்த்துச் செய்வது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் சாயம் ஏறும் அளவும் மாறும் என்பதைத் தவிர.

ஹைப்ரிடைசேஷன், அதாவது சாம்பிளை அரேயில் ஊற்றி ஜோடி சேரவிடுவது, பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. நான்கு அரே ஸ்லைடில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர். ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடியில் சாம்பிளை மெதுவாக விட வேண்டும், பிப்பெட்டின் இரண்டாவது அழுத்து வரை போகாமல். போனால் நுரைக்கும். அரே உள்ள முகம் கீழே பார்க்க, நேராக, ஒரே மூச்சில் மேலே இறக்கி, உலோகக் கவ்வியில் முறுக்கிவிடுவோம். இப்போது அந்தக் கூண்டைச் செங்குத்தாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதுதான் கரைசலைக் கலக்கும். ஆனால் திருப்பத் திருப்ப அது ஓடவேண்டும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டிக் குமிழ் இருந்தால், அதற்குக் கீழே உள்ள புள்ளிகள் 17 மணி நேரமும் பட்டினி. மேசையில் மெல்லத் தட்டினால் நகர்ந்துவிடும். தட்டாமல் அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் ஸ்கேனில் நிலா மாதிரி ஒரு கருவட்டம் தெரியும். 65 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. மறுநாள் கழுவல்: முதல் பஃபரில் அறை வெப்பத்தில் ஒரு நிமிடம், 37 டிகிரிக்குச் சூடாக்கிய இரண்டாவதில் ஒரு நிமிடம். கடைசியில் ஸ்லைடு ரேக்கைத் தூக்குவதுதான் கலை. ஐந்து முதல் பத்து விநாடி எடுத்து, மீன் தொட்டியிலிருந்து பழைய கண்ணாடியை எடுப்பதுபோலப் பொறுமையாகத் தூக்கினால் ஒரு துளி ஒட்டாமல் காய்ந்தே வெளியே வரும். அவசரப்பட்டால் சொட்டு நிற்கும், சொட்டு காய்ந்த இடத்தில் கறை ஒளிரும்.

காற்றே எதிரியாகும் கதை ஒன்று உண்டு. சை5 சாயத்துக்கு ஓசோன் ஆகாது; காற்றில் நூறு கோடியில் ஐந்து பத்துப் பங்கு ஓசோன் இருந்தாலே நிறம் வெளிறத் தொடங்கும் என்று 2003-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். அது தெரியாத காலத்தில் நாங்கள் ஒரு மே மாதம் முழுக்கத் திண்டாடினோம். காலையில் கழுவிய ஸ்லைடுகள் சரியாக வரும், மதியம் கழுவி ஸ்கேனருக்குக் காத்திருந்தவை சிவப்பில் மட்டும் மங்கியிருக்கும், அதுவும் ஓரத்தில் அதிகமாக. சாயக் குப்பியைச் சந்தேகப்பட்டோம், கழுவினவரைச் சந்தேகப்பட்டோம். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. வெயிலும் வாகனப் புகையும் சேரும் மதிய நேரத்தில்தான் தரைமட்ட ஓசோன் உச்சத்தில் இருக்கும். கழுவிய ஸ்லைடை அப்போதே ஸ்கேன் செய்வது, மதியத்துக்குப் பிறகு கழுவுவதே இல்லை என்று மாற்றினோம், பிரச்சினை போய்விட்டது. அதற்குள் கெட்டுப்போன ஸ்லைடுகளின் விலையை இன்று நினைத்தாலும் வயிறு எரியும்.

ஸ்கேனர் ஒவ்வொரு புள்ளிக்கும் 0-லிருந்து 65,535 வரை ஓர் எண் கொடுக்கும். 65,535-ஐத் தொட்டுவிட்ட புள்ளி "குறைந்தது இவ்வளவு" என்றுதான் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த மரபணு மருந்தால் இரண்டு மடங்கு கூடியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பின்புலத்தோடு ஒட்டிக் கிடக்கும் மங்கலான புள்ளிகளும் அப்படியே; 40-க்கும் 80-க்கும் இரண்டு மடங்கு என்று கணினி சொல்லும், நம்பாதீர்கள்.

எண்களை மடக்கைக்கு மாற்றுவது ஏன் என்று ஸ்காலர்கள் கேட்பதில்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. ட்ரீட்டட் 8,000, கன்ட்ரோல் 2,000 என்றால் விகிதம் 4. எதிர்ப்பக்கம் 0.25. ஒன்று பெரிதாகவும் இன்னொன்று ஒன்றுமில்லாததாகவும் தெரிகிறது. 2-ஐ அடிமானமாக வைத்து மடக்கை எடுத்தால் +2, −2. கூடியதும் குறைந்ததும் சம தூரத்தில் வந்து நிற்கும்.

அடுத்து நார்மலைசேஷன், அதாவது ஸ்லைடுகளின் எண்களைக் கணக்கில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. உங்கள் மனதில் ஓடுவது தெரிகிறது: "மாதத்துக்கு மாதம் வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும், நார்மலைசேஷன் சரிசெய்துவிடாதா?" கொஞ்சம் செய்யும். ஒரு ஸ்லைடு முழுக்கவே பிரகாசமாக இருந்தால் அதைக் கீழே இறக்கும். பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை, கூடியவையும் குறைந்தவையும் ஏறக்குறைய சமம் என்ற நம்பிக்கையில்தான் அது நடக்கிறது. டிரான்ஸ்கிரிப்ஷனையே மொத்தமாக முடக்கும் மருந்து என்றால் அந்த நம்பிக்கையே பொய். எல்லாம் பாதியாகக் குறைந்திருந்தாலும் நார்மலைசேஷன் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தூக்கிவிட்டு, ஒன்றுமே மாறவில்லை என்று சொல்லும். மரபணு வெளிப்பாட்டைத் தூண்டும் மிக் புரதம் அதிகமுள்ள செல்களில் மொத்த ஆர்.என்.ஏ.வே கூடிவிடுவதால் இப்படி ஏமாந்திருக்கிறோம் என்று 2012-இல் பெரிய விவாதமே நடந்தது. உங்கள் மருந்து அந்த ரகமா என்று ஒருமுறை யோசியுங்கள். அப்படியென்றால் செல் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளியிலிருந்து தெரிந்த அளவு ஆர்.என்.ஏ.வைச் சேர்த்து ஓட்ட வேண்டும்.

ஆனால் மாதங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஸ்லைடு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கழுவும் சூடு ஒரு டிகிரி மாறினால் இறுக்கமான புரோப் ஒரு மாதிரியும் தளர்வான புரோப் வேறு மாதிரியும் நடக்கும். ட்ரிப்சின் சில மரபணுக்களை மட்டும் தூக்கும். மரபணுவுக்கு மரபணு வேறுபடும் இந்தப் பிழையை நார்மலைசேஷன் தொடாது. வெவ்வேறு நேரத்தில் ஓட்டிய தொகுதிகளின் வித்தியாசத்தை நீக்கும் காம்பேட் போன்ற கணக்குகளும் உதவாது. ஒவ்வொரு மாதத்திலும் கன்ட்ரோல், ட்ரீட்டட் இரண்டுமே இருந்தால்தான் எது மாதத்தின் பங்கு, எது மருந்தின் பங்கு என்று பிரிக்க முடியும். உங்கள் திட்டத்தில் மாதமும் மருந்தும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. போன மாதம் என்றால் கன்ட்ரோல், இந்த மாதம் என்றால் ட்ரீட்டட். எந்தப் புள்ளியியல் நிபுணரிடம் கொண்டுபோனாலும் பிரிக்க முடியாது. பிரித்துத் தருகிறேன் என்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2007-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில், ஐரோப்பிய வம்சாவளியினரின் செல் லைன்களையும் சீன, ஜப்பானியர்களின் செல் லைன்களையும் மைக்ரோஅரேயில் ஒப்பிட்டு, பார்த்த மரபணுக்களில் சுமார் கால்வாசியின் வெளிப்பாடு வேறுபடுகிறது என்று எழுதினார்கள். அதே வருடம் வேறொரு குழு அந்தத் தரவையே எடுத்து, ஒவ்வொரு சாம்பிளும் எந்தத் தேதியில் ஓட்டப்பட்டது என்று பார்த்தது. ஐரோப்பியச் சாம்பிள்கள் பெரும்பாலும் 2003, 2004-இல். ஆசியச் சாம்பிள்கள் எல்லாம் 2005, 2006-இல். வம்சாவளியின் வித்தியாசமா, வருடத்தின் வித்தியாசமா? அந்தத் தரவை வைத்துச் சொல்ல வழியில்லை. உங்கள் திட்டம் இதன் சின்னப் பதிப்பு.

"அப்படியானால் மைக்ரோஅரேயை நம்பவே கூடாதா" என்று கேட்காதீர்கள். 2006-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைமையில் பல லேப்கள் ஒரே ஆர்.என்.ஏ. சாம்பிள்களைப் பல கம்பெனி அரேக்களில் ஓட்டிப் பார்த்தன. ஒவ்வொரு லேபும் தன் கண்ணாடியிலேயே தான் ஒப்பிட்டுச் சொன்ன மரபணுப் பட்டியல்கள் நன்றாகவே ஒத்துப்போயின. ஒன்றாக ஓட்டி ஒப்பிட்டால் தராசு நேர்மையானது.

மூன்று சாம்பிள் என்றீர்களே, எந்த மூன்று? ஒரே தட்டின் ஆர்.என்.ஏ.வை மூன்றாகப் பிரித்து ஓட்டுவது ஒரே பானையில் மூன்று சோறு எடுத்துப் பதம் பார்ப்பது. எனக்கு வேண்டியது மூன்று பானை: வெவ்வேறு நாளில் செல் பரப்பி, வெவ்வேறு நாளில் மருந்து கொடுத்து எடுத்தவை. ஒவ்வொரு நாளும் கன்ட்ரோலும் ட்ரீட்டட்டும் ஜோடியாக.

கணக்கில் ஒரே ஒரு பொறியைச் சொல்கிறேன். 20,000 மரபணுக்களுக்குத் தனித்தனியாக டி டெஸ்ட் (இரண்டு குழுக்களின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டு, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்ததை எல்லாம் எடுத்தால், மருந்துக்குப் பதில் தண்ணீர் கொடுத்திருந்தாலும் சுமார் 1,000 மரபணுக்கள் பட்டியலில் வரும். அதனால் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் சொன்ன முறையில் திருத்த வேண்டும். மூன்று மூன்று சாம்பிளில் ஒவ்வொரு மரபணுவின் ஏற்ற இறக்கத்தையும் தனியாகக் கணித்தால் தற்செயலாகச் சின்னதாக வந்துவிடும். லிம்மா என்ற இலவச நிரல் எல்லா மரபணுக்களிடமிருந்தும் கடன் வாங்கி அதைச் சீர்செய்யும். கார்டன் ஸ்மித் 2004-இல் எழுதிய அந்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

பட்டியல் வந்ததும் எக்செலில் திறக்காதீர்கள். திறந்தால் செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகிவிடும், மார்ச்1 என்பது மார்ச் 1 ஆகிவிடும். 2004-லேயே இதை எழுதிக் காட்டினார்கள், யாரும் திருந்தவில்லை. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. ஒரு மென்பொருளுக்குப் பயந்து மரபணு பெயர் மாற்றிக்கொண்ட கதை. சிரிப்பு வந்தாலும், வரிசை ஒன்று நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக விவகாரம் சாட்சி. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று மைக்ரோஅரே தரவை வைத்துச் சொல்லலாம் என்று 2006-இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது, நோயாளிகளை வைத்துச் சோதனையும் தொடங்கியது. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது. சில இடத்தில் மருந்து கேட்கும் செல், கேட்காத செல் என்ற அடையாளமே மாறியிருந்தது. கட்டுரை 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் விஷயம். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு, பணமும் கணக்குப் போட ஆளும் இருந்தால், நானும் சீக்வென்சிங்கைத்தான் சொல்வேன். புரோப் இல்லாத மரபணுவையும் பார்க்கும், உச்சத்தில் முட்டிக்கொள்ளாது. ஆனால் உங்கள் லேபில் பழைய மைக்ரோஅரே தரவு இருந்து அதன் தொடர்ச்சியாக இதைச் செய்வதானால், ஸ்கேனரும் கையும் பழகியிருந்தால், தெரிந்த மரபணுக்கள் மட்டும் போதுமென்றால், கைடு சொல்வதில் நியாயம் உண்டு. தரவு சின்னது, சாதாரணக் கணினியில் அன்றே முடிந்துவிடும். நெதர்லாந்தில் 2002-இல் கண்டுபிடித்த 70 மரபணு மார்பகப் புற்றுநோய்ச் சோதனை மைக்ரோஅரேயில் பிறந்ததுதான், 2007-இல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கன்ட்ரோலைப் போன மாதமும் ட்ரீட்டட்டை இந்த மாதமும் சீக்வென்ஸ் செய்தாலும் இதே கதிதான்.

இனி செய்ய வேண்டியது. சீனியர் எடுத்த ஆர்.என்.ஏ. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், செல்லை வேறு மாதத்தில் வேறு கை எடுத்தது என்ற பிரச்சினை தீராது, லேபிளிங், ஸ்லைடு பிரச்சினை மட்டும்தான் தீரும். அதனால் என் யோசனை, கன்ட்ரோலையும் புதிதாக வளருங்கள். சீனியரின் மூன்று அரேயைத் தூக்கி எறிய வேண்டாம். புதிய கன்ட்ரோலோடு அதை ஒப்பிட்டால், உங்கள் லேபில் தராசு மாதத்துக்கு எவ்வளவு ஆடுகிறது என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தில் எகிறும் மரபணுக்கள் உங்கள் மருந்துப் பட்டியலிலும் வந்தால் இரண்டு தடவை யோசிக்கலாம்.

மூன்று மூன்று வேண்டாம், நான்கு நான்காக வையுங்கள். ஸ்லைடுக்கு நான்கு அரே என்பதால் ஆறு சாம்பிளுக்கும் இரண்டு ஸ்லைடு வாங்கத்தான் வேண்டும், இரண்டு குழி வீணாகும். எட்டு சாம்பிளுக்கும் அதே இரண்டு ஸ்லைடுதான். முதல் ஸ்லைடில் முதல் இரண்டு நாள் ஜோடிகள், இரண்டாவதில் அடுத்த இரண்டு நாள் ஜோடிகள். கன்ட்ரோல் எப்போதும் மேல் குழியில் என்று வைக்காமல் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றுங்கள். எந்தச் சாம்பிள் எந்தக் குழியில் என்பதைப் பேனாவால் நோட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு மூடியை முறுக்குங்கள். குமிழ் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.